நம் மான்கொம்பும் கார்லின் ஒப்பந்தமும்

மில்வாக்கி
பிப்ரவரி 9

அன்புள்ள லொரேனுக்கு,

உன் கண் எப்படி இருக்கிறது? நான் சுகம். இங்கே வந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன், இதை நானே எழுதுகிறேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது, ஆகட்டும்.

கார்லுக்குச் செய்ய ஒப்புக்கொண்ட ஆறு பில்லியர்ட்ஸ் ஆட்டக் கோல்களில் நான்கு முடிந்தன. நம் மான்கொம்பை வளையமாகக் கடைந்து கைப்பிடியில் பொருத்துகிறேன். கொஞ்சம் கடைந்ததும் இரண்டு வாரம் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். "மானே நாலு மாசத்துல வளர்த்த கொம்பு, நீ இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருக்கியே பெருசு" என்கிறார் முதலாளி கார்ல்.

ஒரு சேதி, கவலைப்படாதே. அக்டோபரில் எழுதத் தெரியாமல் கையெழுத்துக்குப் பதில் நான் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த ஒப்பந்தத்தை மூன்று நாளில் முழுக்க வாசித்துவிட்டேன். சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன். பிறகுதான் கடைசி வரி உறைத்தது. ஆறையும் முடிக்காமல் கிளம்பினால், நான் கொண்டுவந்த கொம்புகள் எல்லாம் அவருக்காம்.

"இந்த வரிய அன்னைக்கு நீங்க படிச்சுக் காட்டலையே?" என்று கேட்டேன்.

"காட்டியிருந்தா நீ குறி போட்டிருப்பியா பெருசு?" என்று சிரித்தார்.

மீதி இரண்டும் ஏப்ரலில்தான் முடியும். உனக்கு மார்ச்சில் ஆபரேஷன். கண்ணில் கட்டோடு தனியாக இருப்பாய். கொம்புகளோ, மான்கள் உதிர்த்துவிட்டுப் போக, முப்பது வருடமாக நாம் இருவரும் மலையில் பொறுக்கியவை.

கம்பளிக் காலுறை அனுப்பு. பழைய செய்தித்தாள் ஒன்றும் வை. நம் ஊர்ப் பெயரை வாசிக்க வேண்டும்.

கார்ல் கூப்பிடுகிறார். கொம்புகளை விட்டுவிட்டு வரட்டுமா? "வா" என்று மட்டும் எழுது. அதை நானே வாசித்துக்கொள்வேன்.

உன்
வெர்ன்