லாரியில் இரண்டு கிலோமீட்டர்

ஞாயிறு, இரவு ஒன்பது மணி.

இதுவரை பத்து கிலோமீட்டர் பந்தயங்கள்தான் ஓடியிருக்கிறேன். மாரத்தான் பயிற்சிக்காக இன்று முதல்முறையாக முப்பது. சங்ககிரி வரை போய் வீடு திரும்ப வேண்டும். பத்துக்கு ஓடும் வேகத்திலேயே கிளம்பியது என் தப்பு. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு லாரி வந்து நின்றது. "ஏனுங்க, முடியலீங்களா? ஏறுங்க, ஊட்டுப்பக்கம் எறக்கி உடறேன்" என்றார் டிரைவர். மறுக்கத் தெம்பில்லை; ஏறிவிட்டேன்.

நான் ஓட வேண்டிய சாலை சன்னலுக்கு வெளியே சுலபமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். கால் கொஞ்சம் இளகியதும், "அண்ணா, நிறுத்துங்க" என்றேன்.

"ஏதாச்சும் உட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமாங்கண்ணா."

இறங்கி, லாரியில் ஏறிய இடத்துக்கே திரும்பி நடந்தேன். அங்கிருந்து மெதுவாக மறுபடியும் ஓடினேன்.

வீடு சேரும்போது உச்சி வெயில். வாசலில் நின்ற வீட்டு ஓனர், "ஏஞ்சாமி இத்தன நேரம்?" என்றார். முப்பதும் ஓடிவிட்டேன் என்றேன். லாரியைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இப்போது படி இறங்கக்கூட முடியவில்லை. அடுத்த ஞாயிறும் முப்பதுதான். முதல் பத்தை எவ்வளவு மெதுவாக ஓட முடியுமோ, அவ்வளவு மெதுவாக ஓடப் போகிறேன்.