ஏழாம் நம்பர் சைக்கிள்

லூர்து,

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு மணப்பாறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இட்லி மூடி வைத்திருக்கிறது. வாசலில் அந்த ஏழாம் நம்பர் வாடகை சைக்கிள் நிற்கிறது, ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போ.

திங்கட்கிழமை நடுத்தெருவில் உன்னை இதிலிருந்து இறக்கிவிட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணு நம்பர் எழுதின வண்டியிலயா போறது?" என்று கத்தியவன் நான்தான். நான்கு நாளாக நடந்தே போகிறாய். என்னோடு பேசவில்லை.

இன்று மாதா கோயில் காலைப் பூசைக்கு நானே இதை ஓட்டிப் போனேன். லேடீஸ் சைக்கிள் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

அப்பா

பி.கு.: சைக்கிளை எடுக்கப் போனபோது, "யாருக்கு சார்?" என்றார் வாடகைக் கடைக்காரர். "என் பொண்ணு லூர்துராணிக்கு. தினமும் வருவா, கொடுங்க" என்றேன், அதே தெருவில், எல்லோர் காதிலும் விழும்படி.

சீட்டை உன் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.