எல்லை விரிவதற்குள்

தங்கச்சிக்கு,

உன் வீட்டுக்காரர் கோப்பி மட்டும்தானே குடிப்பாரு. நான் குடுத்தனுப்புற பையைத் துழாவினாலும் தேத்தூள் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டாரு, அதான் இதை அதுக்குள்ள வைக்கிறேன். படிச்சதும் அடுப்புல போட்டுடு.

இன்னிக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குக் கருந்துளை பாடம் எடுத்தேன். பக்கத்துல வர்றதை விழுங்க விழுங்க அதுக்கு எடை கூடும், எடை கூடக் கூட அதோட எல்லையும் விரியும். எல்லைக்குள்ள போனது எதுவும் திரும்பாது. சொல்லும்போதே உன் வீடுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. முதல்ல உன் மோட்டார் சைக்கிளைப் பிடுங்கினாரு, அப்புறம் பூத்தோட்ட வேலை, போன மாசம் கைப்பேசி.

நீ இன்னும் வெளியேதான் இருக்கே.

வியாழக்கிழமை காலையில அவரு தோட்டத்துப் பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்கப் போனதும் கோயில் முனைக்கு வந்துடு. ரிங்லெட் பட்டணத்துல இருந்து கார் எடுத்துட்டு வர்றேன். துணிமணி, நகை எதுவும் வேணாம். அவரு விழுங்கினது அவருகிட்டயே இருக்கட்டும்.

உன் அக்கா