திரும்பும்போது மட்டும் வலித்த தொடை

என் முகத்தில் இன்னும் குடியிருக்கிற நைனாவுக்கு,

நான் பி.எஸ்ஸி. தேறிவிட்டேன். நம் வீட்டில் முதல் பட்டம். பெண்கள் பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அம்மா உங்கள் படத்துக்குப் பூ வைப்பதில்லை.

சாமி தூக்கி வரும்போது தேரடித் தெரு முனையில் நீங்கள் தடுமாறி விழுந்தீர்கள். அன்று துவைக்க எடுத்த வேட்டியில் சாராய நெடி அடித்ததாம். மதுவிலக்கு இருக்கையில், சாமியைத் தோளில் வைத்துக்கொண்டு, குடித்திருந்தீர்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மறுநாளே நீங்கள் நொண்டாமல் கடைத்தெருவுக்கு நடந்து போனதும் அவள் சந்தேகத்தை உறுதியாக்கியது. நீங்கள் மறுத்தும் பேசவில்லை. அடுத்த கார்த்திகை தீபத்துக்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டு போய்விட்டது.

கல்லூரியில் தசைகளின் படம் பார்த்ததிலிருந்து எனக்கு வேறொரு சந்தேகம். தொடையின் உட்பக்கம் ஒரு தசை இருக்கிறது, நைனா. இடுப்பெலும்பின் முன்பக்கம் தொடங்கி, தொடையெலும்பின் நடுவில் போய் ஒட்டுகிறது. விலகிய காலை உள்ளே இழுப்பது அதன் வேலை. அதில் காயம் பட்டால் நேராக நடப்பதை ஒருவாறு சமாளிக்கலாம். பாரத்தோடு பக்கவாட்டில் எட்டு வைப்பது கஷ்டம். தெருமுனையில் சாமி தூக்கும் தண்டைத் திருப்பும்போது நீங்கள் அப்படித்தானே எட்டு வைப்பீர்கள்?

உங்களுக்குப் பின்னால் தண்டு பிடித்த பெருமாள் மாமாவிடம் போனேன். தொடை என்று சொல்ல நாக்கு எழவில்லை. திரும்பும்போது மட்டும் வலித்ததா என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"நேரா போனா ஒண்ணுமில்லம்மா. திரும்பசொல்லதான் பல்லக் கடிப்பாரு. ஸ்பிரிட்டுல கற்பூரம் கரைச்சுத் தேச்சுப்பாரு. வெளிய தெரிஞ்சா தண்டுல எடம் போயிடும்னு என் வாயையும் கட்டிட்டாரு."

அந்த ஸ்பிரிட் நெடிதான் வேட்டியில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் இடத்தில் இப்போது நிற்பவர் அவர்தான். அதனால்தான் இத்தனை காலம் வாய் திறக்கவில்லையா? இல்லை, நான் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லி அனுப்பிவிட்டாரா?

அம்மாவிடம் சொன்னேன். "பட்டம் வாங்கினது உங்க நைனாவுக்கு வக்கீல் வேல பாக்கவா?" என்றாள். சோறு வடித்து இறக்கிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "எந்தக் காலுன்னு கேட்டியா?" என்றாள்.

நான் கேட்கவில்லை.

"கேட்டுட்டு வா. வேட்டியில எந்தப் பக்கம் நெடி அடிச்சுதுன்னு அப்புறம் நான் சொல்றேன்."

நாளைக்குப் போகிறேன், நைனா. மாமாவின் முகத்தைப் பார்த்து, தொடை என்று சொல்லியே கேட்பேன். வருகிற பதில் எதுவானாலும், ஒரு சொல் மாற்றாமல் அம்மாவிடம் கொண்டு வந்து சேர்ப்பேன்.

உங்கள் மூத்த மகள்,
வள்ளி