கால் கழுவும் கல்

பென்னாகரம்
புதன்கிழமை

அன்புள்ள தம்பி முருகேஷுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். நீயும் கவிப்பிரியாவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் நான் கத்திவிடுவேன், நீயும் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்க, நான் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். படித்ததும் கூப்பிடு.

நீ கட்டும் கடற்கரை விடுதியின் படங்களைக் கவிப்பிரியா நேற்று எனக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணல்மேட்டை ஒரு கூடைகூட அள்ள விடவில்லை, தாழம்புதரை வெட்டாமல் பாதையையே வளைத்துவிட்டேன், ஆமை முட்டையிட வருமென்று கடல் பக்கம் விளக்கே வைக்கவில்லை என்றெல்லாம் நீ சொன்னபோது, வாயால் கோட்டை கட்டுகிறாய் என்று கேலி செய்தேன். படத்தில் பார்த்தால் எல்லாம் நீ சொன்னபடியே இருக்கிறது. பக்கத்து வகுப்பு நிர்மலாதேவி டீச்சரைக் கூப்பிட்டு, என் தம்பி வேலை பாருங்கள் என்று காட்டினேன்.

அவரிடம் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டும்போதுதான் அந்தப் படம் வந்தது. கடலில் குளித்து வருகிறவர்கள் கால் மணலைக் கழுவ ஒரு குழாய். குழாய்க்குக் கீழே ஒரு பெரிய பட்டைக்கல். யாரோ ஒரு பெண் அதன்மேல் நின்று சிரிக்கிறாள். கல்லின் குறுக்கே, முழங்கை மடங்கினது போல ஒரு வெள்ளைக் கோடு. போனைச் சட்டென்று மேசைமேல் கவிழ்த்துவிட்டேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தலைசுற்றல் என்று பொய் சொல்லிவிட்டேன்.

அது நம் குலசாமி வேடியப்பன் கல் முருகேஷ். சத்தியமாக அதுதான். வாளும் கையுமாக வீரன் நிற்கும் முன்பக்கத்தை ஊரே பார்த்திருக்கும். பின்பக்கத்தை அறிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். கிடா வெட்டுவதைப் பார்க்கப் பயந்து, ஒவ்வொரு வருஷமும் கல்லுக்குப் பின்னால் போய் நீ ஒளிந்துகொள்வாய், உன் கண்ணைப் பொத்த நானும் கூட வருவேன். அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டேதான் நீ அழுகையை நிறுத்துவாய்.

போன ஐப்பசி மழையில் நம் நிலத்துக்கு மேலே மேட்டில் நின்ற புளியமரம் சாய்ந்து, கல் குப்புற விழுந்ததை உனக்கு அன்றே சொன்னேன். நம் பங்காளிகள் வழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை. விழுந்த சாமியை எல்லா வீட்டு ஆண்களும் கூடிக் கைவைத்துத்தான் நிமிர்த்த வேண்டும், ஒரு வீடு குறைந்தாலும் தொடக் கூடாது. அப்பா போன பிறகு நம் வீட்டுக்கு நீதான். நீ தை மாதம் என்றாய், பிறகு மாசி என்றாய். உனக்காக வேடியப்பன் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தார்.

தையில்தான் நீ உன் மாமாவுக்குப் போன் செய்து, மலையை உடைத்த கல் வேண்டாம், நிலத்தில் சும்மா கிடக்கும் கல்தான் வேண்டும், நம் வரப்போரம் குவிந்திருப்பதை லாரிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாய். நாங்கள் எல்லோரும் பொம்மிடியில் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று அவர்கள் வந்து ஏற்றிப் போனார்கள். குப்புறக் கிடந்ததை அவர்கள் வெறும் கல் என்று நினைத்திருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

இப்போது கேள். திருவிழாவுக்குச் சுத்தம் செய்யப் போன பெரியப்பா மகன் சென்றாயன் அண்ணன், கல் இல்லாததைப் பார்த்து அலறிவிட்டார். பழி மாதையன் மேல் விழுந்துவிட்டது. அங்கே ஆடு மேய்க்கிறவன் அவன் ஒருவன்தானே, சிலை கடத்துகிறவர்களுக்கு விற்றுவிட்டான் என்கிறார்கள். அவன் கும்பிட்டுக்கொண்டே சொன்னான்: “லாரிக்காரங்க மேல வரைக்கும் போனத என் கண்ணால பாத்தனுங்க.” அண்ணன் அடிக்கப் போய்விட்டார். “ஏன்டா, எந் தம்பி அனுப்புன லாரி மேலயே பழி போடுறியா? அவன் ஒரு புல்லைக்கூட புடுங்க வுடாதவன்டா!” உன் நல்ல பெயர்தான் அவனைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அமாவாசை. கல் இருந்த குழியின் முன்னால், தன் பிள்ளை தலையில் கைவைத்துக் கற்பூரம் அணைத்து அவன் சத்தியம் செய்ய வேண்டுமாம். அவன் சம்மதித்துவிட்டான். சத்தியம் செய்தாலும் ஊர் நம்பாது. பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூடப் பொய்ச் சத்தியம் என்பார்கள், ஆயுசுக்கும் அவன் திருடன்தான்.

உன் மாமாவிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று நீயே சென்றாயன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும். எப்போதும் உன் நல்லதையே நினைக்கும்,

அக்கா அன்பரசி


பென்னாகரம்
ஞாயிற்றுக்கிழமை

தம்பி முருகேஷுக்கு,

புதன் இரவு நீ போனில் சொன்னதை நான் இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறேன். “எறக்குனப்பவே தெரிஞ்சிருச்சு அக்கா” என்றாயே, அதன் பிறகு நீ பேசியது பாதி என் காதில் ஏறவில்லை. முதலாளி அந்தக் கல்லைத் தடவிப் பார்த்து ஆசைப்பட்டாராம். சாமிக்கல் என்று தெரிந்தால் எல்லாக் கல்லையும் திருப்பி அனுப்பிவிடுவாராம், திறப்பு விழா நின்றுவிடுமாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாயாம். நான் காத்து உட்கார்ந்திருந்தது “தெரியாது அக்கா” என்ற ஒரு வார்த்தைக்குத்தான். தாழம்புதருக்காகப் பாதையை வளைத்தவன், அடியில் முகம் இருக்கிறது என்று தெரிந்தே மேலே குழாய் வைத்தாயே. எப்படியடா மனசு வந்தது?

சென்றாயன் அண்ணனிடம் சொல்லச் சொன்னதற்கு யோசிக்கிறேன் என்றாய். வியாழன் முழுக்கக் காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நானே போனேன். அந்த இடத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. மாதையன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, கற்பூரத் தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு, “கல்லு எந் தம்பிகிட்ட இருக்குதுங்க. மாதையன் சொன்னது நெசம்” என்று சொல்லிவிட்டேன். படத்தையும் காட்டினேன்.

அண்ணன் போனை வாங்கிப் பார்த்தார். அந்தப் பெண் கால் வைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் உன்னைத் திட்டவில்லை முருகேஷ். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. உன் மாமா அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மாதையனிடம் மன்னிப்புக் கேட்கவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவன் மகளைத் தூக்கிக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போய்விட்டான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. அவன் மனைவி சென்னம்மாள் மட்டும் வந்து, “நீங்க வராம இருந்திருந்தா எம் புள்ள தலையில கை வெச்சிருப்பாருங்க அக்கா” என்று சொல்லி அழுதாள். நீ கேட்டிருக்க வேண்டிய அழுகை அது.

கல்லைப் பெயர்க்கச் சொல்லிவிட்டேன் என்று நேற்று நீ அனுப்பிய செய்தி வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்றும் எழுதியிருக்கிறாய். வயிற்றில் பால் வார்த்தாய். ஆனால் கல்லை ஏற்றி அனுப்பிவிட்டு, நீ பிறகு காரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அதே லாரியில் ஏறி வா. பங்காளிகள் காத்திருக்கிறார்கள், நிமிர்த்துவதற்கு உன் கையும் வேண்டும் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

வந்ததும் நம் வீட்டுக்கு வராதே. குளிக்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். நேராக மாதையன் வீட்டுக்குப் போ. உள்ளே கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால் வாசலிலேயே நில். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன்.

பத்திரமாக வந்து சேர் சாமி.

அக்கா