மெட்டில்டா சொன்ன சாட்சி

மைசூரு
9 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனிக்கு,

இயேசுவுக்கே புகழ். புது வருஷ வாழ்த்தை இவ்வளவு தாமதமாகச் சொல்கிறாளே என்று முகத்தைத் தூக்காதே. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவள் நீ. உனக்காக எடுத்து வைத்த அச்சுமுறுக்கு டப்பாவிலேயே நமுத்துப்போனது.

போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே நாம் இருவரும் கன்னடத்துக்குத் தாவிவிடுகிறோம். கடிதத்தில்தான் நமக்குத் தமிழ் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதிப் பதில் போடு.

ரெபேக்காவுக்கு நீ அனுப்பிய மூன்று புத்தகங்களும் வந்தன. மந்திரம் சொல்லிக் கடலைத் தூங்கவைக்கும் பெண்ணாம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அதைத்தான் விரித்து வைத்திருக்கிறாள். அவள் அப்பா லாய்ட் ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், "கடல் தூங்கிடுச்சா கண்ணு?" என்று மகளைக் கேட்டுவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுகிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தை நடத்தும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடம் சொன்னேன். "பிசாசு கதவைத் தட்டிட்டு வர மாட்டான் மெட்டில்டா. பிள்ளைங்க படிக்கிற கதைக்குள்ள உட்கார்ந்துட்டு வருவான்" என்றார். அவளுடைய ஞானஸ்நானத்தன்று, சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று அவளுக்காகச் சொன்ன ஞானத்தாய் நீ. நீயே இப்படிப் புத்தகம் அனுப்பலாமா?

மே பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து நம் பங்குப் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்கிறார். ஞானத்தாயாக ரெபேக்காவின் தோளில் கை வைத்து நிற்க நீதான் வர வேண்டும். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. வேறு யாரையும் நான் யோசிக்கவே இல்லை.

உன்
மெட்டி


வேலூர்
20 ஜனவரி 2025

அடி மெட்டி,

உன் அச்சுமுறுக்கின் சாபம் எனக்குப் பல்வலியாக வந்து சேர்ந்துவிட்டது. திருப்திதானே?

லீவு கேட்டாகிவிட்டது. சனிக்கிழமையே வந்து உன் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, உன்னை ஒரு வேலையும் செய்யவிடாமல் பேசப் போகிறேன். லாய்டை ஹோட்டலில் சாப்பாடு வாங்கி வரச் சொல்.

புத்தகத்துக்கு வருகிறேன். நீ அதில் ஒரு பக்கமாவது படித்தாயா? படித்துவிட்டு என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் படித்தாரா? சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில், பைபிளில் கோல் பாம்பாக மாறியதை அவர் கையை வளைத்து வளைத்து நமக்குச் சொல்லவில்லையா? நாமும் வீட்டுக்கு வந்து ஒட்டடைக் கம்பைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தோம். நமக்கு என்ன கெட்டுப்போய்விட்டது? கம்புதான் உடைந்தது.

இங்கே புற்றுநோய்ப் பிள்ளைகளின் வார்டில், டியூட்டி முடிந்ததும் அதே கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊசி போட வரும்போது என் கையைப் பார்த்தாலே அழுகிற பிள்ளைகள், கதை நேரத்தில் அதே கையை விட மாட்டேன் என்கிறார்கள். மனிஷா என்று ஒருத்தி, எட்டு வயசு. "நாளைக்குக் கடல் எந்திரிச்சிடுமா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே ட்ரிப்ஸுக்குக் கையை நீட்டுகிறாள்.

ரெபேக்காவுக்கு அந்தப் புத்தகத்தால் ஏதாவது சின்னக் கெடுதல் என்று தோன்றினாலும் எனக்கு எழுது. ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் சொன்னால் சிரிப்பேன். நீ சொன்னால் நம்புவேன்.

உன்
ஜெனி


மைசூரு
7 மார்ச் 2025

அன்புள்ள ஜெனிக்கு,

இயேசுவுக்கே புகழ். தவக்காலம் தொடங்கிவிட்டது. பள்ளியில் பரீட்சைத் தாள்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அதனால்தான் எழுதவில்லை.

உன் புத்தகங்கள் இனி எங்கள் வீட்டில் இல்லை. பிப்ரவரியில் ரெபேக்கா தூக்கத்தில் அலறத் தொடங்கினாள். கடல், மந்திரம் என்று ஏதேதோ பேசினாள். செபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து அதைச் சொன்னேன். அவளுடைய ஞானத்தாய் அனுப்பியது என்று உன் பெயரையும் சொல்லிவிட்டேன். அதை மட்டும் விட்டிருக்கலாம். எல்லோரும் அழுது செபித்தார்கள். பிறகு, சாம்பல் புதனுக்காகப் போன வருஷத்துக் குருத்தோலைகளைக் கோயிலுக்குப் பின்னால் எரித்தபோது, ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் மூன்று புத்தகங்களையும் அந்த நெருப்பிலேயே போட்டார். ஃபாதருக்கு இது தெரியாது. யாரோ நான் பேசியதைப் போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு வந்தால் தப்பாக நினைக்காதே. பிள்ளையின் நன்மைக்காகத்தான் செய்தேன்.

ரெபேக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சாம்பல் புதனன்று வரிசையில் வந்தவள், ஃபாதர் சாம்பல் பூச நெற்றிக்குக் கையை நீட்டியதும் விலகிப் போய்விட்டாள். வயசு அப்படி.

மே பதினொன்றை மறந்துவிடாதே.

மெட்டி


வேலூர்
18 மார்ச் 2025

அன்புள்ள மெட்டி,

அந்த வீடியோ உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. மெட்டி இப்படிப் பேசுகிறவளே இல்லை, யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று கூட வேலை செய்யும் பெண்களிடம் சண்டைக்கே போய்விட்டேன். உன் கையெழுத்தில் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

என்னை மன்னித்துவிடு. நீ பயந்து எழுதியபோது நான் ஒட்டடைக் கம்பு என்று கேலி பேசினேன். என் கையால் அனுப்பிய பொருளால் குழந்தை அலறியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மெட்டி. கோயிலில்கூடக் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறேன்.

வார்டு அலமாரியில் நான் சேர்த்து வைத்திருந்த கதைப் புத்தகங்களையெல்லாம் கட்டி எடுத்துவிட்டேன். மனிஷாவுக்குக் கதையில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. மீதியைச் சொல்லச் சொல்லி என் யூனிபாரத்தைப் பிடித்து இழுத்தாள். அது நல்ல கதை இல்லை, இனிமேல் அதைப் பற்றிக் கேட்காதே என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "நான் அந்தக் கதை கேட்டது தப்பா சிஸ்டர்?" என்றாள். நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். போன வாரம் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இனி மருந்தில் பலன் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

உறுதிபூசுதலுக்கு வேறு யாரையாவது பார். நான் எந்த முகத்தோடு அவள் பின்னால் வந்து நிற்பது? அவள் இப்போது அலறாமல் தூங்குகிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

ஜெனி


மைசூரு
2 ஏப்ரல் 2025

ஜெனி,

அவள் அலறவே இல்லை.

நேற்று உனக்குப் போன் செய்து, நீ "ஹலோ" என்றதும் வைத்தவள் நான்தான். வாயால் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தபோது ஏதோ உளறினாள், எல்லாப் பிள்ளைகளையும் போல. அதில் கடலும் இல்லை, மந்திரமும் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்தில் வாராவாரம் யாராவது சாட்சி சொல்வார்கள். ஒருத்திக்குக் கட்டி கரைந்திருக்கும், ஒருத்தர் மகனுக்கு விசா கிடைத்திருக்கும். எனக்கு மட்டும் சொல்ல எதுவுமே நடக்கவில்லை. வருஷக்கணக்காகக் கைதட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்று பக்கத்தில் இருந்தவள், "மெட்டில்டாவுக்கு ஆண்டவர் ஒண்ணுமே செய்யலியா?" என்று சிரித்தாள். எழுந்துவிட்டேன். முதலில் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அலறினாள் என்றேன். "அல்லேலூயா" என்று ஒரு சத்தம் எழுந்தது. அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்தது, உன் பெயர் உட்பட. எனக்காக எல்லோரும் அழுதபோது எனக்குச் சுகமாக இருந்தது ஜெனி. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

ரெபேக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வந்ததும், "யாகம்மா சுள்ளு ஹேளிதெ?" என்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்க அவளுக்குக் கன்னடம்தான் வந்தது. சாம்பலை ஏன் பூசிக்கொள்ளவில்லை என்று நான் அதட்டியபோது, "அது என் புக்கும்மா" என்றாள். அதன் பிறகு என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நீ கேட்டாயே, அதில் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

உன் கடிதம் வந்த வாரமே கூட்டத்தில் எழுந்து, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். இந்த முறை யாரும் போனைக் கையில் எடுக்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் சட்டென்று பாட்டைத் தொடங்கிவிட்டார். பாவம், பிசாசு இவளை இப்படிப் பேசவைக்கிறான் என்று என் தலையில் கை வைத்துச் செபித்தார்கள். பொய்யைச் சொன்னபோது நம்பினார்கள், உண்மையைச் சொன்னபோது பேயோட்டினார்கள். இனி நான் அங்கே போவதில்லை.

மனிஷாவிடம் உடனே போ. அது நல்ல கதைதான் என்று சொல். மைசூரில் ஒருத்தி பொய் சொல்லிவிட்டாள் என்று சொல். ரெபேக்காவின் தோளில் வைக்க உன் கையைத் தவிர வேறு கை இல்லை. வருவாயா?

மெட்டி


வேலூர்
14 ஏப்ரல் 2025

மெட்டில்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்றே மனிஷாவின் ஊருக்கு, குடியாத்தத்துக்குப் பக்கம், பஸ் பிடித்துப் போனேன். வீட்டில் காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்களைப் பத்தியே பேசுனா சிஸ்டர். உங்களுக்கு அவ மேல கோவமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றாள். இல்லை என்று சொன்னேன். அதை அந்தக் குழந்தையிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அலமாரியைக் காலி செய்ததும், மனிஷாவிடம் அப்படிச் சொன்னதும் நான்தான். அந்தப் பாவத்தை உன் தலையில் கட்ட மாட்டேன். நீ பொய் சொன்னதையும் மன்னித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று அதைத் திருத்துவது எல்லோராலும் முடியாது. ஆனால், நீ சொன்னால் நம்புவேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். இனி என்னால் அப்படி எழுத முடியாது. அது இல்லாமல் நாம் இருவரும் எழுதிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது என்றும் தெரியவில்லை.

ரெபேக்காவுக்காக வருகிறேன். சனிக்கிழமை வந்து கன்னியர் மடத்தில் தங்குவேன். ஸ்டேஷனுக்கு லாய்டை அனுப்ப வேண்டாம். மாலையில் ரெபேக்காவை மட்டும் மடத்துக்கு அனுப்பு, அவளோடு கொஞ்சம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிறு பூசையில் அவள் பின்னால் நிற்பேன். பூசை முடிந்ததும் அங்கிருந்தே ரயிலுக்குப் போய்விடுவேன்.

இனி எந்தக் கூட்டத்திலும், நல்லதாகவே இருந்தாலும், என் பெயரைச் சொல்லாதே.

ஜெனிஃபர்