அம்மா பேசிய கேசட்

மார்ச் 9, ஞாயிறு. சிகாமட்.

வெள்ளத்தில் படங்களெல்லாம் போன பிறகு அம்மாவின் குரலாவது மிச்சம் என்று நம்பியிருந்தேன். சிங்கப்பூரில் வேலை செய்த அப்பாவுக்கு அம்மா பேசி அனுப்பிய கேசட். இன்று தங்கை அதை அலமாரி மேலிருந்து எடுத்து டேப்ரெக்கார்டரில் போட்டாள். கீச்சென்று இரைச்சல்தான் வந்தது.

“கெட்டுப் போச்சாண்ணே?”

கெடவில்லை. அது சின்ன வயதில் நான் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரின் சத்தம். விலையைக் குறைக்க அதில் டிஸ்க் வைக்காமல் விட்டிருந்தார்கள். எழுதிய புரோகிராமையெல்லாம் கேசட்டில் சத்தமாகத்தான் பதிய வேண்டும். யாரும் அழிக்கக் கூடாதென்று இந்தக் கேசட்டின் மூலைத் தகட்டை அப்பா உடைத்து வைத்திருந்தார்; அந்தத் துளையில் செலோடேப் ஒட்டி, என் பாம்பு விளையாட்டை அம்மாவின் குரல் மேலேயே பதிந்து, மறந்தும் போனேன்.

கடைசியில் இரைச்சல் நின்று, அம்மாவின் குரல் வந்தது.

“சரிங்க, பிள்ளைங்க தூங்கிட்டாங்க. உடம்பப் பாத்துக்குங்க.”

“அதுக்கு முன்னால அம்மா என்னண்ணே பேசியிருப்பாங்க?” என்று கேட்டாள் தங்கை.

பதிவதற்கு முன் நான் அதைக் கேட்கவே இல்லை.